வெள்ளை சமைக்காது

கிணற்றுக்கும் பிலோமினாள் வீட்டுச் சுவருக்கும் நடுவே
வெயில் பத்தரைக்கு வரும்.
ஒரு வாளித் துணி அலசுவதற்குள் போய்விடும்.
தக்காளி அங்கே நின்றதில்லை.
வெண்டை, வெளிச்சம் தேடி நீண்டு நீண்டு
காய்க்காமலே சரிந்தது.

மாஞ்சோலை பஸ்ஸில் இறங்கிய எஸ்தர்கனி
சிமெண்ட் சாக்கில் சுருட்டித் தந்தாள்:
இஞ்சி போல ஒரு கிழங்கு, மூன்று கணு.
"சித்தரத்தை சாதிதான்க்கா.
மருந்துக்கு ஆகாது. பார்க்கத்தான்."

விக்கிரமசிங்கபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து
பத்தொன்பது வருசம்.
பார்க்கத்தான் என்று எதையும் நான் வளர்த்ததில்லை.

ஆற்று வண்டல் இரண்டு கூடை,
மக்கிய பலா இலை, தேங்காய் நார்.
ஆழப் புதைக்காமல்
முதுகு தெரிய வைத்தேன்.
ஆனிச் சாரலில் மூக்கை நீட்டியது.
சுருள் பிரிந்தபோது,
சுண்ணாம்பு தொட்ட விரலை யாரோ
பச்சையில் துடைத்துவிட்டுப் போனதுபோல் கோடுகள்,
எந்த இலையிலும் ஒரே மாதிரி இல்லை.

"நோக்காடு விழுந்த செடிக்கா
இம்புட்டுத் தண்ணி ஊத்துத?"
சுவருக்கு மேலே பிலோமினாள் தலை.

நத்தை வெள்ளையைத்தான் முதலில் தின்றது.
ஆடிக் காற்றும் வெள்ளையைத்தான் முதலில் கிழித்தது.
வெள்ளை சமைக்காது, எனக்குப் பிறகுதான் தெரியும்.
பச்சைதான் அந்தக் கொஞ்ச வெயிலை வாங்கி
உலை வைத்து
இரண்டுக்கும் பரிமாறுகிறது.

புரட்டாசியில் ஒரு முளை
முழுக்க வெள்ளையாக வந்தது,
துவைத்துப் பிழிந்த இட்லித் துணிபோல.
நரம்புகூட வெள்ளை.
கிழங்கு ஊட்டியது போதவில்லையோ என்னவோ,
பதினோராம் நாள் நுனி பழுத்து மடங்கியது.
நான் வேலைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன்,
எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் இன்னொன்று. முழுப் பச்சை.
இந்த வாரம் முழங்கால், மறு வாரம் இடுப்பு.
"வெட்டிருங்கக்கா. விட்டா
கோடு போட்டதையெல்லாம் அமுக்கிரும்"
என்றாள் எஸ்தர்கனி போனில்.

கத்தியோடு போனேன்.
தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.
மூன்று முறை இப்படி.
நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை வெட்ட
எப்படி வரும் கை?

கடைசியில் வேரோடு தோண்டினேன்.
கிழங்கு முறிந்த இடத்தில்
மிளகும் ஈர மண்ணும் கலந்த வாசம்,
ராத்திரி சோறு பிசையும்போதும் விரலில் இருந்தது.
பழைய பேப்பரில் சுற்றி
சுவருக்கு மேலே நீட்டினேன்.

பிலோமினாள் இலையைப்
புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
"ஏட்டி, சொகமாயிட்டே!"

ஆமா என்றேன்.