மைனஸ் முப்பத்தைந்து

டப்பாவில் எழுதியிருக்கிறது:
மைனஸ் முப்பத்தைந்து வரை உறையாது.
"முட்டத்துல என்னலே உறையும்,
மீன்பெட்டி ஐஸைத் தவிர?"
என்கிறான் ததேயுஸ்.

தடைக்காலம். ஆனிச் சாரலில்
கரையேற்றிய விசைப்படகின் வயிற்றுக்குள்
குந்தியிருக்கிறோம்.
எஞ்சினுக்குள் கிடந்த கடலை வடித்தாயிற்று.
நல்ல தண்ணி மூணு குடம் ஓட்டியும்
குழாய் நுனியை நக்கினால் உப்பு.
நாலாவதில்தான் விட்டது.

பிறகு பச்சையை ஊற்றுகிறேன்.
துருவுக்குத்தான் இது, குளிருக்கல்ல.
லிட்டர் விலையைச் சொன்னால் ஜெசிந்தா
அறுபத்தொரு நாளையும் அரிசியில் எண்ணிக்காட்டுவாள்.
சொல்லவில்லை.

பலகை வழியே ரெண்டு சொட்டு
கீழே சிந்தியது.
இனிக்குமாம் அது. நக்கினால் நாய் சாகுமாம்.
ததேயுஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு இறங்கி
கைநிறைய மணல் அள்ளிப் போட்டான்,
அடுத்த படகுக்கடியில் படுத்திருக்கும்
பெயரில்லாத ஒன்றுக்காக.