வெளிச்சத்தைக் குப்புற வைத்தல்

ஜுபைலில் எங்கள் அறையில்
எட்டுப் படுக்கை, ஏழு துண்டுத் திரை.
டியூப்லைட்டை அணைத்த பிறகுதான்
அறைக்கு விடியும்.
துண்டின் நிறத்துக்கேற்ப
கூட்டுக்கு ஒரு வெளிச்சம்:
வேம்புலிங்கத்துக்குப் பச்சை,
நஜ்முதீனுக்கு வெளுத்த ரோஸ்.
மேல்கட்டில் ரொஃபிகுலுக்குத் துண்டே இல்லை.
முகம் மட்டும் நீலமாய்
இருட்டில் மிதக்கும்.

ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறோம்,
ரிஃபைனரியின் தீக்கொழுந்து
உள்ளே வரக்கூடாதென்று.
வெளியே எரிவதை மறைத்துவிட்டு
உள்ளங்கையில் ஒன்றை ஏற்றிக்கொண்டு
படுக்கிறவர்கள் நாங்கள்.

நாலரைக்குப் பஸ்.
ஐந்தேகாலுக்குக் கிரேனடியில் கூட்டம்.
"நேற்று நல்லாத் தூங்கினீங்களா?"
சேஃப்டிக்காரர் தினமும் ஐந்து பாஷையில் கேட்பார்.
ஐந்து பாஷையிலும் ஆமாம் என்போம்.

அன்றைக்குப் பதினோரு டன் குழாய்
அந்தரத்தில்.
கீழே ரொஃபிகுலின் கை நிறுத்து என்கிறது.
பார்த்தேன்.
பார்த்ததை மூளை வாங்கிக்கொள்வதற்குள்
என் கட்டைவிரல்
லீவரை மேலே தள்ளியது,
அடுத்த வீடியோவுக்குத் தள்ளுவது போல,
அவ்வளவு லேசாக.
குழாய் ஒரு முழம் ஆடி நின்றது.
யாருக்கும் ஒன்றுமில்லை.
யாரும் எழுதிவைக்கவுமில்லை.
ரொஃபிகுல் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றி
அதற்குள் எதையோ தேடுகிறவன் போல்
கொஞ்ச நேரம் நின்றான்.

கிளினிக்கில் நர்ஸ், நாகர்கோவில்காரி,
கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.
"படுக்கதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே
போன மூடி வச்சிருங்கண்ணே."
எதற்கு முன்னால், தங்கச்சி?
பஸ், கிரேன், பஸ்,
குளியலறை வரிசை, அடுப்பு வரிசை
எல்லாம் போக
என் நாளில் எனக்கென்று இருப்பதே
அந்த ஒரு மணி நேரம்.

இங்கே ஒன்பது என்றால் இசக்கிக்குப் பதினொன்றரை.
தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்துவைத்துப் பேசுவாள்.
சிலிண்டர் இன்னும் வரவில்லை,
பையனுக்குக் கணக்கில் முப்பத்தெட்டு,
பிறகு அந்த டீச்சர் என்ன சொன்னாள்னா...
டீச்சர் என்ன சொன்னாள் என்று
இதுவரை எனக்குத் தெரியாது.
வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போவாள்.
நான் அழைப்பைத் துண்டிக்க மாட்டேன்.
இரண்டு பேருக்கும் சேர்த்து
அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.
நான் பார்த்துக்கொண்டிருப்பேன்,
பன்னிரண்டு வரை.

நஜ்முதீன் செட்டிங்கில் நுழைந்து
நீலத்தைக் குறைத்துக் கொடுத்தான்.
அன்றிரவு இசக்கி
மஞ்சள் பூசிக் குளித்தவளாய் வந்தாள்.
"என்னத்துக்குச் சிரிக்கிய?"
சொல்லவில்லை.
மறுநாள் வெளிச்சத்தைப் பாதியாக்கினேன்.
மூக்குத்தி போயிற்று.
அதற்கடுத்த நாள் புருவம்.
ஒரு வாரமாக அவளைக்
கொஞ்சம் கொஞ்சமாக அணைத்தேன்.
எழுதும்போதுதான் கவனிக்கிறேன்,
இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு.

வியாழக்கிழமை சொன்னேன்:
"இனி ராத்திரி படம் வேண்டாம். பேச்சு மட்டும்."
அந்தப் பக்கம் அமைதி.
"மூஞ்சி காட்ட மாட்டியளோ? யாரு இருக்கா அங்க?"
"ரொஃபிகுல் இருக்கான்.
காலைல அவன் தலைக்கு மேலதான்
நான் குழாய் தூக்கணும்."
அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்சம் கழித்து சிலிண்டர் வந்துவிட்டது என்றாள்.

போனை நெஞ்சின்மேல் குப்புற வைத்தேன்.
விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம் கசிந்தது,
அதுவும் போயிற்று.
அவள் குரல் எலும்பு வழியாக வந்தது.
டீச்சரை மறுபடி ஆரம்பித்தாள்.
இந்த முறை
பாதியில் தூங்கியது யாரென்று
சொல்லச் சாட்சியில்லை.
காலையில் போன் செத்துக் கிடந்தது.

எல்லா நாளும் இப்படியில்லை.
முந்தாநாள் பன்னிரண்டரை வரை
யாரோ ஒருவன் பழைய லாரியைக் கழுவுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
மறுநாள் நான் கிரேன் ஏறவில்லை,
வயிற்றுவலி என்றேன்.

ரொஃபிகுலும் இப்போது துண்டு கட்டியிருக்கிறான்.
என்ன நிறமென்று தெரியவில்லை.
உள்ளே வெளிச்சம் இல்லை.