வரிக்கு இவ்வளவு

நான் வரி எண்ணிப் பிழைப்பவள்.
பிரேமர்ஹாஃபனில், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்தெருவில்,
சலவைக் கடைக்கு மேல்மாடி.
ரப்பர் முத்திரை, மைப்பெட்டி, கோர்ட்டில் எடுத்த சத்தியம்.
ஐம்பத்தைந்து எழுத்து ஒரு வரி;
இடைவெளிக்கும் காசு உண்டு.

நவம்பரில் இருவர் வந்தார்கள்.
ஷூஷான் கையில் பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் பதினான்கு பக்கம்:
நீரியல் முனைவர், யெரெவான்,
பாடவாரியாக மணிக்கணக்கு,
மதகுக் கதவுகள் மீது நீரழுத்தம் பற்றி ஓர் ஆய்வேடு,
ஐந்து பேராசிரியர் கையெழுத்து
(இருவர் இப்போது இல்லை என்றாள்).
நோராயர் கையில் ஒரே தாள்.
தாளில், எனக்கு வேலை வைத்தது ஒரே சொல்.
கிராண்ட்மாஸ்டர்.

அவளுக்கு முந்நூற்றுச் சொச்சம் யூரோ.
அவனுக்குக் குறைந்தபட்சக் கட்டணம்.
"இருபத்தோரு வருஷம் பிடித்தது இதற்கு" என்றான்,
கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளேன் என்கிற குரலில்.

அலுவலகத்துக்கு நானும் போனேன், அவர்கள் வாயாக.
அதிகாரி லூட்கே மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.
இந்த நாட்டில் மேஸ்திரி என்பது விளையாட்டில்லை:
ரொட்டி மேஸ்திரி, கூரை மேஸ்திரி, புகைபோக்கி மேஸ்திரி,
பரீட்சை எழுதி, சங்கத்தில் பதிந்து,
சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியவர்கள்.
"பெருமேஸ்திரி என்று இருக்கிறதே. எந்தத் தொழிலில்?"
சதுரங்கத்தில், என்றேன்.
"பலகை செய்வாரா?"
கேலி இல்லை அதில். நல்ல பெண்மணி.
விரலால் படிவத்தில் கட்டம் தேடிக்கொண்டே போனாள்,
பட்டம், பட்டயம், தொழிற்பயிற்சி,
கடைசியில் 'பிற'.
அறுபத்துநான்கு கட்டங்களில்
கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கத் தெரிந்தவன்
அந்த ஒற்றைக் கட்டத்துக்குள்
முழங்காலை மடித்து உட்கார்ந்தான்.

ஷூஷானுக்கு எட்டு மாதம் கழித்துக் கடிதம்:
பகுதியளவில் ஒப்பானது.
எந்தப் பகுதி என்றாள்.
மதகின் மேல்பகுதியா, நீருக்குள் இருப்பதா?
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
இப்போது ஹெரிங் மீனின் முதுகெலும்பை உருவுகிறாள்,
இரவு ஷிப்டு, நிமிடத்துக்கு இத்தனை என்று.

அவர்களைக் கரைசேர்த்தது மூன்றாவது தாள்.
உறையின் அடியில், தேநீர்க் கறையோடு:
ராணுவத்தில் இருந்தபோது நோராயர்
ஆறு மாதம் படித்த குளிர்சாதனப் பழுது.
கும்ரியில் ஒரு தகரக் கொட்டகை,
கையெழுத்துப் போட்டவர் ஒரு சார்ஜென்ட்.
பதினோரு வரி.
"இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை!" என்றாள் லூட்கே.
துறைமுகத்து உறைகிடங்குகளுக்கு ஆள் கிடைக்கவில்லையாம்.
குடியிருக்கும் அனுமதி அந்தப் பதினோரு வரியில் வந்தது.
சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போய்விட்டது பார்
என்று நான் சொல்லப்போக,
"போனது சரி,
கம்ப்ரஸராக அல்லவா மாறியிருக்கிறது" என்றான்.

ஞாயிறுகளில் மாலுமிகள் மன்றத்தில் முதல் பலகை.
எதிரில் ஒரு பல் மருத்துவர், எழுந்து நின்று கைகொடுப்பார்.
அந்த அறையில் யாரும் தாள் கேட்பதில்லை.
ஆட்டத்துக்கு அறுபது யூரோ, ஒரு கிண்ணம் சூப்.
திங்கட்கிழமை அதே மருத்துவரிடம்
கடைவாய்ப்பல்லைக் காட்டப் போனால்
மூன்று வாரம் கழித்து வா என்கிறார்கள்.

ஷூஷானுக்கு அப்படி ஓர் அறை இல்லை.
ஒரு மதகைத் திறந்து காட்டு என்று
ஞாயிற்றுக்கிழமை யார் அழைப்பார்கள்?
ஜனவரிப் புயலன்று அவளைப் பார்த்தேன்,
கப்பல் மதகின் சுவரோரம்,
மீன்வாடை அடிக்கும் மேலங்கியோடு,
கைக்கடிகாரமும் நீர்மட்டமும் மாறி மாறிப் பார்த்தபடி.
கதவு அப்போதுதான் மூடத் தொடங்கியிருந்தது.
"நாலு நிமிஷம் தாமதம்" என்றாள்.

போய்ச் சொல்லட்டுமா என்றேன்.
அது என் தொழில்தானே.

"யார் சொன்னதென்று சொல்வாய்?"