நாற்பத்தாறாயிரம்

முதலில் முழங்கைக்கு மேலே,
நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்தது போல ஒன்று.
"பஸ் கம்பியில இடிச்சிருப்பேன்" என்றாள் அஞ்சலாட்சி.
அடுத்த வாரம் தொடையில் இரண்டு.
அங்கே இடிக்க எந்தக் கம்பியும் இல்லை.

வயிறுதான் அவள் வியாதி என்றிருந்தோம்.
நாலு வாய்க்கு மேல் இறங்காது,
இறங்கியது கல்லாய் உட்காரும்.
லாரன்ஸ் ரோடு ஜவுளிக்கடையில்
நாளெல்லாம் நின்று புடவை விரிப்பவள்
ஏப்பத்தை முந்தானைக்குள் விட்டுவிட்டு
வாங்க வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பாள்.
ஓமத்தண்ணி, இஞ்சிச்சாறு, மெடிக்கல்காரர்
கிழித்துக் கொடுக்கும் ரெண்டு மாத்திரை.
ஆறு வருஷம் இப்படியே ஓட்டினோம்.

குழாயடியில் தில்லைக்கரசி
அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த மச்சினன்
டீயைக் குடித்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டே
"கொஞ்சம் நிதானம் மாமா" என்றான்.

நான் சிப்காட்டில் சாயக் கம்பெனி ஆள்.
நகக்கண்ணில் ஏறிய நீலம் எந்தச் சோப்புக்கும் போகாது.
அவள் பக்கத்தில் நடந்தால்
என் கையே தடயம் மாதிரி இருக்கும்.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில் மழைக்காலக் கூட்டம்.
"காய்ச்சல் உண்டா?"
"இல்ல."
"அப்புறம் ஏன் இவ்வளவு கம்மி?"
ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில்
நாற்பத்தாறாயிரம்.
அவள் தட்டில் சோறு குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.
ரத்தத்திலும் தட்டு உண்டென்று
அன்றுதான் தெரியும்.

புதுச்சேரி பஸ்.
பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோயில்,
எல்லையில் வரிசையாய்ப் பிராந்திக் கடைகள்.
நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

டாக்டரம்மா கையைப் பார்த்தாள், தொடையைப் பார்த்தாள்.
"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்."
கதவு சாத்தியது.
தரையில் அறுபத்திரண்டு டைல்ஸ், மூன்று உடைந்தவை.

ஒரே ஒரு அறை.
பதினோரு வருஷம் முன்னால், சீட்டுப் பணத் தகராறில்.
கன்னத்தில் நாலு விரலும் தெரிந்தன.
மறுநாள் விளக்கு வைப்பதற்குள் மறைந்துவிட்டன,
குழாயடிக்குத் தெரியாமலே.
அப்போது அவளுக்குத் தட்டணுக்கள்
நிறைய இருந்திருக்கும்.

குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்த்தார்கள்.
எள்ளளவு சதை கிள்ளி
மஞ்சள் ஜெல்லியில் வைத்தார்கள்.
கொஞ்ச நேரத்தில் அது நிறம் மாறியது.
தொண்டை மரத்திருந்தும் அவள் சொன்னாள்:
"எங்க கடையில இதுக்கு ராணி கலர்னு பேரு."

"சுருள் சுருளா ஒரு கிருமி.
அமிலத்துலயே குடித்தனம் நடத்தும்.
அதை அடிக்கப் போற காவலாளுங்க
ஆள் தெரியாம உங்க தட்டணுவையே அடிக்கிறாங்கன்னு நினைக்கிறோம்.
கிருமி போனா சில பேருக்கு எண்ணிக்கை ஏறும்.
எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்."
டாக்டரம்மா அவளுக்குத்தான் சொன்னாள்.
நான்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பதினாலு நாள், வேளைக்குக் கைநிறைய மாத்திரை.
"வாயில நாலணாவைப் போட்டு வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.
நாவல் நிறம் பச்சையானது,
பச்சை, பழைய மஞ்சள்கயிறு போல் வெளுத்தது.
எழுபத்தொன்று. அப்புறம் ஒரு லட்சத்து எட்டு.
ஒரு ராத்திரி ரசத்துக்கு ரெண்டாம் தடவை சோறு கேட்டாள்.
கரண்டியை எங்கே வைத்தேனென்று தேடினேன்.

குழாயடியில் தில்லைக்கரசி இன்று
முதன்முதலாக என்னோடு பேசினாள்:
"இப்ப நல்லா பாத்துக்கறீங்க போலிருக்கு."
குடம் நிறைந்து வழிந்தது.

படுத்தபின் கேட்டேன்,
"அன்னிக்குக் கதவைச் சாத்தினாங்களே,
அடிப்பாரான்னு கேட்டாங்களா?"

"ம்."

"என்ன சொன்ன?"

நிதானமாக ஒரு ஏப்பம் விட்டாள்.
முந்தானையைத் தேடவில்லை.
"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."