ரெண்ட்ஸ்பர்க் வரை

ஒரே ஒரு படி. அதுவும் மரப்பெட்டி.
பீர் புட்டிகள் வந்த பெட்டியைக் கவிழ்த்து
மேலே ரப்பர் விரிப்பை ஆணியடித்திருக்கிறேன்.
வலது கால் ஏறும், இடது கால் சேரும்.
வலது கால் இறங்கும், இடது கால் யோசிக்கும்.

அது யோசிக்கக் காரணம் உண்டு.
மிலானிலிருந்து எஸ்பியர் திரும்பும் வழியில்
அதன் கெண்டைக்குள் ஏதோ இறுகியது.
நாற்பது டன் லாரி, இருபது வருட இருக்கை.
சுளுக்கு என்று நினைத்தேன்,
இரண்டு இரவு தைலம் தேய்த்தேன்.
மூன்றாம் நாள் துறைமுக வாசலில்
சரக்குச் சீட்டில் கையெழுத்திடும்போது
பேனா கனத்தது.

காற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது,
காற்றாலை இறக்கைகளைக் கப்பலேற்றி அனுப்பும் ஊர்.
எனக்கு மட்டும் ஒரு வாய் கிடைக்கவில்லை.

ஸ்கேன் படத்தில் நுரையீரல் சாலை வரைபடம்போல் இருந்தது.
இரண்டு சந்திப்பில் மறியல்.
இரத்தம் வண்டிகளாக வரிசைகட்டி நிற்கிறது என்று
நானே மருத்துவருக்கு விளக்கினேன்.
அவர் தலையாட்டினார், அவசரத்தில் இருந்தார்.

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.
மாத்திரை உண்டு. பல் துலக்கினால் ஈறில் சிவப்பு உண்டு.
மூன்றாம் மாடிக்கு ஏறும் வழியில்
முட்டைக்கோஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
தபால்காரர் வணக்கம் சொல்லித் தாண்டிப் போனார்,
திரும்பி வந்தபோதும் அங்கேயே இருந்தேன்,
மறுபடி வணக்கம்.

செவ்வாய்தோறும் சீக்னெ கூப்பிடுவாள்,
மருத்துவமனையின் உடற்பயிற்சிப் பெண்.
"மூச்சு வாங்கட்டும், விபேகெ. வாங்கத்தான் வேண்டும்.
ஆனால் பேச முடிய வேண்டும்.
பாட முடிந்தால் என்னை ஏமாற்றுகிறீர்கள்."
எதைப் பேசுவது என்று கேட்டேன்.
"எதையாவது."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரு சாலைதான்.
கோல்டிங், என்பேன் பெட்டிமேல் ஏறி.
ஹாதர்ஸ்லேவ், இறங்கி.
முதல் வாரம் ஆபென்ரா வருமுன்
நெஞ்சு வண்டியை ஓரங்கட்டிவிட்டது.
வாங்குகிறேன், வாங்குகிறேன்,
எந்தக் கடையில் என்று தெரியாமல் வாங்குகிறேன்.
மூன்றாம் வாரம் பாட்போர்க், எல்லைச்சாவடி.
நான்காவது வாரம் சளி. மீண்டும் கோல்டிங்.

கீழ்வீட்டு கார்ஸ்டன் துடைப்பக் கட்டையால்
கூரையை இடித்தான். இரவு வேலைக்காரன்,
மாலை நாலரைக்கு அவனுக்கு நடுநிசி.
பெட்டிக்கடியில் பழைய கம்பளி மடித்துப் போட்டேன்.
பிறகு இடிக்கவில்லை.

ஒரு வியாழன், இடப்பக்க விலாவில் ஊசி குத்தியது.
பெட்டிமேல் ஏறவில்லை. அதன்மேல் உட்கார்ந்தேன்.
அலைபேசியில் ஒன்று அழுத்தினேன், மறுபடி ஒன்று.
இரண்டு மட்டும் பாக்கி.
வெளியே இருட்டியது, கடற்பறவைகள் ஓய்ந்தன.
விரல் அந்த எண்ணுக்கு மேலேயே நின்றது.

கதவைத் தட்டினார்கள். கார்ஸ்டன்,
சட்டையில் பொத்தான்கள் மாறிப்போய்,
ஒரு கன்னத்தில் தலையணைக் கோடு.
"இன்னைக்கு ஏன் குதிக்கல?" என்றான்.
"அந்தச் சத்தத்துலதான் எழுந்திருப்பேன்.
அலாரத்தையே நிறுத்திட்டேன்.
இப்ப ஷிஃப்ட் போச்சு!"

சிரிப்பு வந்தது. எனக்கு அது எங்கிருந்தது?
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
சிரிப்புக்குப் படியேறுவதைவிட அதிகக் காற்று வேண்டும்,
அது எப்படியோ வந்துகொண்டே இருந்தது.
விலாவை அழுத்தினால் வலித்தது, விட்டால் இல்லை.
முந்தின நாள் அலமாரியை நகர்த்தியது நினைவுக்கு வந்தது.
அவன் முறைத்துவிட்டு, மூன்று மாடியும்
தடதடவென்று ஓடி இறங்கினான்.
எத்தனை எளிதாக.

சீக்னெவுக்கு இது சிரிப்பாக இல்லை.
"அடுத்த முறை மூன்றாவது எண்ணையும் அழுத்துங்கள்.
அலமாரியா இல்லையா என்று அவர்கள் சொல்வார்கள்."
சரி என்றேன்.

இது பத்தாவது வாரம்.
ஃப்ளென்ஸ்பர்க், ஷ்லெஸ்விக், ரெண்ட்ஸ்பர்க்.
அங்கே கால்வாய்க்கு மேல் ஓர் உயரமான பாலம்,
பக்கக்காற்று அடித்தால் லாரிகளை மெதுவாக விடுவார்கள்.
ஹாம்பர்க் இன்னும் தூரம்.
இடது கால் யோசிக்கிறது.
நாலரை ஆகிவிட்டது,
கீழே ஒருவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.