ஐந்தாவது கட்டம்

பேரையூர்த் தெருக்குழாய்களுக்குத் திருகு.
கப்பலூர்ப் பட்டறையில்
அட்டவணை போட்டோம் நானும் செலினும்:
வலு, எடை, விலை, துரு.

வார்ப்பிரும்பை உப்புத்தண்ணி
ஒரே வருசத்தில் தின்றுவிடும்.
பித்தளைக்கு எல்லாக் கட்டத்திலும் நல்ல மார்க்.
நாற்பது மாட்டினோம்.
சித்திரை முடியுமுன் முப்பத்தொன்று
பழைய இரும்புக்கடைத் தராசில்.

எவர்சில்வர்? பளபளக்கிறது.
அதுவே குற்றம்.

செலின் இன்னொரு கோடிழுத்து
எழுதினாள்: திருட்டு.
பிறகுதான் கறுப்பு நைலான்.
வெயிலுக்காகக் கரித்தூள் கலந்தது,
எடைக்குப் போட்டால்
டீக்காசுகூடத் தேறாதது.

முரட்டுக்கை திருகினால் மரை வழுகும்,
தெரியும்.
வண்டியில் எப்போதும்
ஒரு பை உதிரி கிடக்கும்.

நேற்று ஒருத்தி குடத்தை வைத்துவிட்டு
நகத்தால் தட்டிப்பார்த்தாள்:
"பிளாஸ்டிக்கா? ஏமாத்திட்டாய்ங்க."

திருகினாள்.
தண்ணி விழுந்தது.