ஆண் 417

யஷ்வந்தபுரம் தாண்டி, ஆய்வகத்தின் அடித்தளத்தில்
விடியுமுன் சுண்டெலிக் கூண்டுகள் மாற்றுவது என் வேலை.
417-க்கு ஒரு மரபணு கிடையாது. எடுத்துவிட்டார்கள்.
மற்றபடி சாது, கடிக்க மாட்டான்.
மூன்று மாதத்தில் நான்கு பெட்டைகள்,
எல்லாம் முன்பே ஈன்றவை.
இங்கே அதுதான் முறை:
குட்டி இல்லையென்றால் முதலில் ஆணைத்தான் சோதிப்பார்கள்.
காலையில் கூடிய அடையாளம் இருக்கும்.
அவ்வளவுதான்.

நேற்று வசுமதி மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.
தலை நசுங்கியவை,
வால் சுருண்டு
நின்ற இடத்திலேயே சுற்றுபவை.
"ஒண்ணுகூட சரியில்ல, திருமாறன்" என்றார்
சந்தோஷமாக.

ஒன்றுகூட.
எனக்கு நூற்றுக்கு இரண்டு என்று
மல்லேஸ்வரம் லேபில் எழுதியிருந்தது.
உள்ளே ஏதோ துள்ளியது.
சீ என்றிருந்தது.

ஸ்ரீராமபுரத்தில் பூங்கோதைக்கு
இன்று ஆறாம் நாள், சஷ்டி.
இளநீர் மட்டும்.
அகப்பையில் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
ரிப்போர்ட் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்
இன்சூரன்ஸ் தாளோடு மடிந்து கிடக்கிறது.

வியாழக்கிழமை 417-ஐ மேல்மாடிக்குக் கொண்டுபோவார்கள்.
கீழே வர மாட்டான்.
ஒரு பிடி சூரியகாந்தி விதை கூடுதலாகப் போட்டேன்.
பதிவேட்டில் எழுதவில்லை.